வீடு கேட்போரிடம் கேட்க வேண்டியவை

எமது மாகாணத்தில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு இல்லை என்று கேட்டால் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் ஓர் எண் கிடைத்துவிடும். அந்த வீடுகள் எங்கே அமைய வேண்டும், யாருக்கு அருகில் அமைய வேண்டும், உறுதி யாருடைய பெயரில் எழுதப்பட வேண்டும், நாளை ஒரு மகளுக்கு நிக்காஹ் நடந்தால் அதே வளவில் இன்னோர் அறை எழுப்ப இடம் உண்டா என்று கேட்டால் அதே அலுவலகத்தில் பதில் இராது. கடந்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் கிழக்குக் கரையில் எழுந்த வீட்டுத்திட்டங்களுள் கணிசமானவை முதலாவது கேள்விக்கு மட்டும் விடையாகக் கட்டப்பட்டவை என்பது எமது அபிப்பிராயம். வீடமைப்பு பொறியியலாளரும் அமைச்சரும் பேச வேண்டிய விடயம், மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வாரிசுப் பங்கு, கணவன் மனைவி பிணக்கு, அயலவர் சண்டை என்று எம்மிடம் வந்து சேரும் விவகாரங்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரு வீடு இருக்கிறது. ஆதலால் எழுதத் துணிந்தோம்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்ததை இங்கே மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் ஷஹீதாகினர் என்பதை நாம் மறக்கப் போவதுமில்லை. அதன் பின் வந்த தீர்மானங்களைப் பற்றியே நாம் பேச விரும்புகின்றோம். கடற்கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் மீண்டும் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. அந்த எல்லைக்கு அப்பால் வீட்டை இழந்தோருக்கு முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும், பகுதி சேதத்துக்கு 100,000 ரூபாவும் தவணை தவணையாக வழங்கப்பட்டன. அவர்கள் தத்தம் நிலத்தில் தாமே கட்டிக்கொண்டார்கள். எல்லைக்கு உள்ளே இருந்தோர் யாரோ ஒரு கொடையாளர் எங்கோ ஒரு காணியில் கட்டித் தரும் வீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வரைபடத்தில் 200 மீற்றர் என்பது ஒரு சிறு கோடு. கல்முனைக் கரையோரத்தில் கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே ஒடுங்கிய மணல் திட்டு. அதில்தான் மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. வடக்கே காத்தான்குடியில் ஏழு சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த நிலத்தில் சுமார் 40,000 பேர் வாழ்கின்றனர். இத்தகைய ஊர்களில் 200 மீற்றரை வெட்டி எடுத்துவிட்டால் அந்த மக்களை வைப்பதற்கு வேறு நிலம் இல்லை. பிற்பாடு விதி தளர்த்தப்பட்டது. எமது பகுதியில் அது 65 மீற்றராகச் சுருங்கிற்று. மருதமுனையில் இன்றும் ஒரு குடியிருப்புக்கு ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்றே பெயர். ஓர் ஊரில் பிறக்கும் பிள்ளைகள் தம் முகவரியை ஓர் அதிகாரியின் அளவுநாடாவால் அறிந்துகொள்கின்றார்கள் என்பதை நினைக்கும்போது சிரிப்பதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை.

அக்கரைப்பற்று நுரைச்சோலை வீட்டுத்திட்டத்தைப் பற்றி அறியாதவர் எம்மிடையே இலர். சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள், பள்ளிவாசல், பாடசாலை, மருத்துவமனை, சந்தைத் தொகுதி என்று ஒரு முழு ஊரே கட்டப்பட்டது. அவ்வீடுகளை யாருக்கு எந்த அடிப்படையில் பங்கிடுவது என்ற பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கட்டி முடிக்கப்பட்ட வீடுகள் பல்லாண்டுகள் ஆளின்றிக் காடு மண்டிக் கிடந்தன. இதில் எந்தச் சமூகத்தின் மீதும் குற்றம் சுமத்துவது எமது நோக்கமன்று. நிலம் குறைந்த மாவட்டத்தில் புதிதாக 500 வீடுகள் எழும்போது அயல் ஊரவருக்கும் ஒரு கேள்வி எழும். அது நியாயமான கேள்வியாகவும் இருக்கலாம். பங்கீட்டு முறையை முதற்கல் வைப்பதற்கு முன்னரே எல்லாத் தரப்பையும் இருத்திப் பேசித் தீர்ப்பதற்கு வாரங்களோ மாதங்களோ செல்லும். பேசாமல் விட்டதற்கு அந்த வீடுகள் கொடுத்த காலம் ஒரு பிள்ளை பிறந்து பாடசாலைக் கல்வியை முடிக்கும் காலத்தை நெருங்கிற்று.

இனி, வெளியூர் வாசகர்களுக்காக எமது கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கு நிக்காஹ் முடிந்ததும் பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகின்றார். பெற்றோர் தாம் இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஓரத்திலோ அடுத்த துண்டிலோ இன்னொன்றைக் கட்டிக்கொண்டு இளையவர்களோடு நகர்கின்றனர். பின்னர் அது இரண்டாம் மகளுக்குப் போகின்றது. இவ்வாறு ஒரு வளவைச் சுற்றி ராத்தா, தங்கை, சாச்சி, பெரியம்மா என்று ஒரு பெண் வழிக் குடும்பமே வேலிக்கு வேலி தொட்டு வாழும். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டு முதல் தங்கி ஆராய்ந்து இவ்வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். தமிழர்களும் முஸ்லிம்களும் இதில் பெரிதும் ஒத்திருப்பதையும் அவர் காட்டுகின்றார்.

சீதன வீட்டைப் பற்றி நாம் மிம்பரில் பேசுவது வேறு. மஹர் கொடுப்பதும் மனைவிக்கு உறைவிடம் அளிப்பதும் ஆண் மீதான கடமை என்பதில் ஐயமில்லை. தலாக் அத்தியாயம் இத்தாவில் இருக்கும் பெண்ணுக்குக்கூட வசதிக்கேற்ப உறைவிடம் அளிக்குமாறு கட்டளையிடுகின்றது. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் கட்டாரிலும் குவைத்திலும் பதினைந்து வருடங்கள் வெயிலில் வெந்து மூன்று வீடு கட்டும் நிலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் இவ்வழக்கத்தின் இன்னொரு பக்கத்தையும் நாம் கண்டிருக்கின்றோம். மணமுறிவு ஏற்படும்போது எமதூரில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவர் கணவர். பெண்ணும் பிள்ளைகளும் கூரைக்குக் கீழேயே இருக்கின்றார்கள், பக்கத்து வேலியில் அவளுடைய உம்மா இருக்கின்றார்.

சுனாமிக்குப் பின் வந்த திட்டங்கள் பெரும்பாலும் ‘குடும்பத் தலைவர்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு படிவங்களை நிரப்பின. குடும்பத் தலைவர் என்றால் கணவர். அலைக்குப் பறிபோனது மனைவியின் உறுதியில் இருந்த வீடு, கைக்கு வந்ததோ கணவரின் பெயரில் ஒரு கடிதம். சீதனத்தை ஒழிப்பதற்காக யாரும் இதைச் செய்யவில்லை. படிவத்தில் ஒரு கோடு மட்டுமே இருந்தது என்பதற்காகச் செய்தார்கள். சீதனம் கேட்கும் வழக்கம் அப்படியே நிற்க, பெண்ணின் கையிலிருந்த வீடு மட்டும் போயிற்று. அத்தகைய வீட்டில் இருந்து கொண்டு, கணவர் இன்னொரு திருமணம் செய்த பின் எங்கே போவதென்று எம்மிடம் வந்து கேட்ட சகோதரிகள் உண்டு. அவர்களுக்கு நாம் சட்டத்தை எடுத்துச் சொல்லலாம், உறுதியில் பெயரை எழுதிக் கொடுக்க முடியாது.

அரச காணி அனுமதிப்பத்திரங்களிலும் இதே கதைதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து ஆண் மக்களுக்கே முன்னுரிமை அளித்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வரி நின்ற இடத்திலேயே நின்றது.

தொழிலுக்கு வருவோம். மருதமுனை கைத்தறிக்குப் பெயர் போன ஊர். தறி ஓர் அறையை முழுதாக விழுங்கும். 500 சதுர அடியில் இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி என்று வரைந்து கொடுக்கப்பட்ட வீட்டில் தறியை எங்கே போடுவது? படுக்கையறையில் போட்டால் பிள்ளைகள் மண்டபத்தில் உறங்க வேண்டும். வெளியே தகரக் கொட்டில் போட்டால் மழைக்காலத்தில் நூல் நனையும். கரைவலைக்காரர் சுபஹுக்கு முன்னரே கடற்கரையில் நிற்க வேண்டியவர், அவரை வயலுக்கு அப்பால் குடியேற்றினால் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசிலேயே நாட்கூலியின் ஒரு பங்கு போய்விடும். தொடர்மாடி வீடுகளில் வேறு தொல்லைகள். விறகடுப்புப் புகை மேல் வீட்டாருக்குப் போகின்றது, நெல் அவித்துக் காயப்போட முற்றமில்லை, மேல்மாடியில் ஒருவர் வஃபாத்தானால் சந்தூக்கை ஒடுங்கிய படிக்கட்டால் இறக்குவதற்கு ஆண்கள் படும் பாட்டை நாமே தோள் கொடுத்து அறிந்திருக்கின்றோம். வரைபடம் போட்டவர் இவற்றை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்தான். ஆனால் கேட்டிருக்கலாம்.

கேட்டுக் கட்டுவது, இடத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே நடப்பதை வாழ்வோரிடம் விடுவது என்பது மேற்கத்தைய அபிவிருத்தி நிறுவனங்கள் கண்டுபிடித்த புதுமை என்று எம்மவர் சிலர் நினைக்கின்றனர். ஹிஜ்ரி 17இல் கூஃபா நகரம் அமைக்கப்பட்ட வரலாற்றைத் தபரீ பதிவு செய்துள்ளார். கலீஃபா உமர் (ரழி) அவர்கள் மதீனாவிலிருந்து அனுப்பிய கட்டளையில் பிரதான வீதிகள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கடுத்தவை 20, ஒழுங்கைகள் 7 முழம் என்று அளவுகள் இருந்தன. முதலில் நாணலால் கட்டிய வீடுகள் தீப்பற்றி எரிந்தபின் கல்லால் கட்ட அனுமதி கேட்கப்பட்டபோது, மூன்று அறைகளுக்கு மேல் வேண்டாம், உயரமாகக் கட்ட வேண்டாம் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. ஒவ்வொரு கோத்திரத்துக்கும் ஒரு நிலத்துண்டு ஒதுக்கப்பட்டது. அதனுள் யார் எங்கே இருப்பது, எந்த வாசல் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதெல்லாம் அவரவர் பொறுப்பு. வீதியின் அகலம் ஊர் முழுவதற்கும் உரியது, ஆகவே ஆட்சி அதைத் தீர்மானித்தது. வளவின் உள்ளே ஆட்சி நுழையவில்லை.

எகிப்தின் ஃபுஸ்தாத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இப்னு அப்துல் ஹகம் தருகின்றார். காரிஜா இப்னு ஹுதாஃபா என்பவர் தம் வீட்டின் மேல் ஓர் அறை கட்டினார். அதிலிருந்து அயலாரின் அந்தரங்கம் தெரிகின்றது என்று முறைப்பாடு மதீனா வரை போயிற்று. உமர் (ரழி) அவர்கள் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸுக்கு எழுதிய மறுமொழி நடைமுறைக்குரியது: அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, மிக நெட்டையுமல்லாத மிகக் குட்டையுமல்லாத ஒருவரை அதன் மேல் நிறுத்துங்கள், அவருக்குச் சாளரத்தின் வழியே அயல் வீடு தெரிந்தால் அதை அடைத்துவிடுங்கள். எல்லா வீடுகளுக்கும் சாளரம் இத்தனை அடி உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவர் சட்டம் போடவில்லை. யாருக்குத் தீங்கு, எங்கே தீங்கு என்று பார்த்து அதை மட்டும் நீக்கினார். பிற்காலத்தில் உஸ்மானியர் தொகுத்த மஜல்லாவின் 1202ஆம் பிரிவும் இதையே பேசுகின்றது. பெண்கள் புழங்கும் இடங்களுக்கு அது கொடுக்கும் உதாரணங்கள் குசினி, கிணற்றடி, முற்றம். இந்த மூன்றையும் படிக்கும்போது இஸ்தான்புல்லில் எழுதியவர் எமதூர் வளவு ஒன்றைப் பார்த்துக்கொண்டே எழுதினாரோ என்று தோன்றும். எமதூர் வீட்டுத்திட்டங்களில் வரிசை வீடுகளின் குசினிக் கதவுகள் எதிரெதிரே திறப்பதையும், குடியேறிய முதல் மாதத்திலேயே மக்கள் கிடுகும் தகரமும் வாங்கி மறைப்புக் கட்டுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எமது நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இருந்தது. 1978இல் தொடங்கிய இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசே கட்டிக் கொடுத்தது. அந்த வேகத்திலும் செலவிலும் எல்லோருக்கும் கட்டி முடியாது என்று கண்டபின், 1984இல் பிரதமர் பிரேமதாசவின் காலத்தில் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வேறு வழியில் சென்றது. சிறு கடன்களைக் கொடுத்து, கூரை மாற்றுவதா, அறை சேர்ப்பதா, புதிதாகக் கட்டுவதா என்பதைக் குடும்பத்திடமே விட்டார்கள். கொழும்பின் சேரிக் குடியிருப்புகளில் குடியிருப்போர் ஒன்றுகூடித் தமக்குள் கட்டட விதிகளை வகுத்தனர். சட்டப்படி ஒரு காணித்துண்டு குறைந்தது ஆறு பேர்ச் இருக்க வேண்டும் என்றிருக்க, அங்கே இரண்டு பேர்ச் துண்டுகளை ஏற்று, ஒழுங்கையின் அகலத்தைத் தாமே பேசி முடிவு செய்தார்கள். கூஃபாவில் ஒழுங்கையின் அகலமும் மேலிருந்து வந்தது என்பதை நோக்கினால், இது அதற்கும் ஒருபடி கீழிறங்கி மக்களிடம் சென்றது. அத்திட்டத்தில் குறைகள் இல்லாமலில்லை. கடன் தொகை சிறிது, திருப்பிச் செலுத்துதல் மோசம், அரசியல்வாதியின் கைப் பட்டியலும் இருந்தது. இருந்தும் எதைச் செய்வதென்ற தெரிவு குடும்பத்திடம் இருந்தது.

போருக்குப் பின் வடக்கு கிழக்கில் நிகழ்ந்த இரண்டு காரியங்களை ஒப்பிட்டால் தெளிவு கிடைக்கும். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்குக் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டது, கட்டியது குடும்பமே. சற்றுப் பெரிதாகக் கட்ட ஆசைப்பட்டு நகையை அடகு வைத்துக் கடனாளியானோர் பலர், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வீடுகளில் ஆட்கள் இருக்கின்றார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளைக் கொண்டு வந்து இறக்கும் யோசனை எழுந்தது. ஒன்றின் விலை சுமார் 21 இலட்சம் ரூபா. தொலைக்காட்சி, தளபாடம் எல்லாம் சேர்த்துத் தருவதாகச் சொல்லப்பட்டது. அதே பணத்தில் கல்லாலும் சீமெந்தாலும் ஏறத்தாழ இரு மடங்கு வீடுகளைக் கட்டலாம், மேசனுக்கும் தச்சனுக்கும் ஊரிலேயே வேலை கிடைக்கும் என்று வடக்கில் பலத்த எதிர்ப்பு எழுந்து அத்திட்டம் நின்றது. எம் கடற்கரைக் காற்றில் இரும்புக் கதவின் பிணைச்சல் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை அறிந்த எவரும் அந்த எதிர்ப்பை வியக்கமாட்டார்.

கடந்த ஷஃபானில் எமது மஹல்லாவிலும் இந்தப் பிரச்சினை சிறிய அளவில் வந்தது. வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவர் வயலுக்கு அப்பாலுள்ள காணியில் வரிசையாக வீடுகள் கட்டித் தர முன்வந்தார். தகுதியானோரின் பட்டியலைத் தயாரிக்குமாறு பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை மத்ரஸா உஸ்தாத்மாரான எம்மிடம் கேட்டது. கொடுத்த படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் தொகை, மாத வருமானம் என்று நான்கு நிரல்கள். நாம் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தோம்: உங்களுக்கு என்ன வேண்டும்? அஸருக்குப் பின் வீடு வீடாக நடந்தோம். பெண்கள் மட்டும் உள்ள வீடுகளுக்கு எமது முஅல்லிமாக்கள் இருவர் சென்றனர்.

புதிய வீடு வேண்டும் என்றவர்கள் நாம் எதிர்பார்த்ததிலும் குறைவு. கூரை ஓடு மாற்ற வேண்டும் என்றார்கள். மலசலகூடம் இல்லை என்றார்கள். இரண்டாவது மகளுக்கு மேலே ஓர் அறையும் தனிப் படிக்கட்டும் போதும் என்றார்கள். வீடு இருக்கிறது, உறுதி இல்லை, அதனால் வங்கி கடன் தருவதில்லை என்றார்கள். ஒரு விதவைத் தாய் முஅல்லிமாவிடம், “மகள், ஊடு தந்தா வேணாமெண்டு ஆரு சொல்லுவாங்க? ஆனா அங்க போய்ட்டா நான் இடியப்பம் அவிச்சி ஆருக்கு விக்கிற? என்ட புள்ளய ஆரு பாக்கிற?” என்று கேட்டிருக்கின்றார். பக்கத்து வேலியில் அவருடைய ராத்தா இருக்கின்றார். நடக்க முடியாத பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுத்தான் இவர் அடுப்பு மூட்டுகின்றார். இதை எந்த நிரலில் எழுதுவது?

இஷாவுக்குப் பின் கூடிய சபையில் மூத்த மரைக்காயர் ஒருவர், “மௌலவி, சும்மா தாற ஊட்டுக்கு இவ்வளவு தெரிவா?” என்று கேட்டார். அவர் ஊருக்காக உழைத்தவர், கேள்வியில் கெட்ட எண்ணமில்லை. ஸகாத்தைப் பற்றிய எமது மத்ஹபின் சட்டத்தை நாம் நினைவூட்டினோம். இமாம் நவவீயின் மின்ஹாஜில், ஒருவர் குடியிருக்கும் வீடு அவரை ஏழை என்ற தகுதியிலிருந்து நீக்காது என்று வருகின்றது. அதாவது வீடிருப்பவரும் கூரை ஒழுகினால் ஸகாத்துக்கு உரியவராகலாம், வீடில்லாதவரின் பட்டியல் மட்டும் தயாரித்தால் அவர் விடுபட்டுப் போவார். மேலும் ஸகாத் பெறுபவரின் உடைமையாகக் கொடுக்கப்பட வேண்டியது. உடைமையாளருக்குத் தெரிவு உண்டு. நன்கொடையாளரின் பணம் ஸகாத் அல்ல, ஸதகா என்று இன்னொருவர் திருத்தினார். அது சரியான திருத்தமே. ஆனாலும் பேச்சு திசை மாறிவிட்டது, வீடு வேண்டுமா வேறேதும் வேண்டுமா என்று பிரித்துப் பட்டியலிடச் சபை இணங்கியது.

நன்கொடையாளரின் முகவர் பாதிக்கு இணங்கினார். புதிய வீடு கேட்டவர்களுக்கு, பெரும்பாலும் வாடகைக்கு இருந்த இளம் குடும்பங்களுக்கு, அந்தக் காணியில் வீடுகள் வருகின்றன. அவர்களுள் சகோதரிகளாக இருந்தோர் அடுத்தடுத்த துண்டுகளைக் கேட்டதால் திருவுளச்சீட்டு எடுக்கும் முறையை மாற்றி, முதலில் கூட்டுச் சேர்ந்து பின்னர் கூட்டங்களுக்குச் சீட்டு எடுத்தோம். திருத்த வேலைகளுக்கான பணம் இன்னும் இழுபறியில் இருக்கின்றது. எல்லா வீடுகளும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு, மஹல்லா முழுக்கச் சிதறிக் கிடக்கும் கூரைகளை எந்தப் படத்தில் அடக்குவது? அந்த விதவைத் தாயின் வீட்டுக்கு ஊர் வாலிபர்கள் சிலர் சேர்ந்து ஓடு மாற்றிக் கொடுத்தார்கள்.

மஹல்லா அளவில் ஓர் ஐந்தாவது நிரலால் இவ்வளவு முடியும். மாகாண அளவில் அதற்குமேல் வேண்டும். 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாண வீடமைப்பும் நிர்மாணமும் மாகாண சபைக்குரிய விடயங்கள். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது, அதன் பின் நீண்ட காலமாகத் தேர்தலின்றி ஆளுநரின் கீழேயே நிர்வாகம் நடந்து வருகின்றது. தேசிய வீடமைப்பு அதிகார சபையிடம் ஒரு பட்டியல், பிரதேச செயலகத்தில் ஒன்று, தொண்டு நிறுவனத்திடம் ஒன்று, பள்ளிவாசலில் ஒன்று. கோயிலிலும் விகாரையிலும் இருக்கலாம். இவை ஒன்றையொன்று பார்ப்பதில்லை. கிராம உத்தியோகத்தர் பிரிவு ஒவ்வொன்றிலும் எல்லாச் சமூகத்தவரும் பார்க்கக்கூடிய ஒரே பட்டியல் இருந்தால் இரண்டு வீடு பெற்றவரும் ஒன்றும் பெறாதவரும் ஒரே ஒழுங்கையில் இருக்க நேராது. அதற்குத் தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காணியைப் பற்றிய பேச்சைத் தவிர்த்து எவரும் கிழக்கின் வீட்டுத் தேவையைத் திட்டமிட முடியாது. மேற்கே வயலை நிரப்பி வீடு கட்டுவது 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றிச் செய்யக்கூடாத காரியம். செய்தால் மாரியில் வெள்ளம் வடிய வழியின்றி ஊருக்குள் நிற்கின்றது, அதை ஆண்டுதோறும் காண்கின்றோம். கிழக்கே கடல் அரிக்கின்றது. எஞ்சியிருப்பது மேல் நோக்கிச் செல்வது மட்டுமே. மகளுக்காக மேல்மாடி எழுப்ப விரும்பும் குடும்பத்துக்கு, அடித்தளம் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைப் பிரதேச சபை குறைந்த கட்டணத்தில் அனுப்பினால் புதிய வீட்டுத்திட்டம் ஒன்றுக்கு இணையான பயன் கிடைக்கும் என நினைக்கின்றோம். இப்போது அதை மேசன்பாஸ் கண்ணால் பார்த்துச் சொல்கின்றார். பெரும்பாலும் தாங்கும் என்றுதான் சொல்கின்றார்.

கிணறும் மலக்குழியும் தனிப் பிரச்சினை. ஆறு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,630 சதுர அடி. அதில் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி, அதே அளவில் பக்கத்து வளவிலும் ஒரு கிணறு, ஒரு குழி. இரண்டுக்கும் இடையே 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்கின்றார். மணல் நிலத்தில் அது நியாயமான கோரிக்கை, எமது வளவுகளில் நடவாத கோரிக்கை. அதே வளவில் இரண்டாவது மகளின் வீடும் மூன்றாவது குழியும் வந்தால் வுழூச் செய்யும் தண்ணீரின் நிலை என்ன? வீட்டுத்திட்டம் என்றால் சுவரும் கூரையும் என்று எண்ணாமல், ஏற்கெனவே மக்கள் இருக்கும் நெருக்கமான ஒழுங்கைகளுக்குக் கழிவுநீர்க் குழாயைக் கொண்டு வருவதையும் வீட்டுத்திட்டமாகவே கணக்கிட வேண்டும். அதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது என்பதால் கொடையாளர் வரமாட்டார், ஆகவே அது அரசின் பணத்தில் நடக்க வேண்டிய வேலை.

எங்கள் ஐந்தாவது நிரல் இப்போது நான்காகப் பிரிந்திருக்கின்றது: என்ன வேண்டும், எங்கே வேண்டும், உறுதி யார் பெயரில் இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்க வேண்டும். உங்கள் மஹல்லாவில் ரமழானுக்கு முன் இப்படி ஒரு பட்டியல் தயாராகுமாயின் படிவத்தை எழுதிக் கேளுங்கள், அனுப்பி வைப்போம். மூன்றாவது கேள்விக்கான விடையை வீட்டுக்காரியிடமும் தனியாகக் கேட்டு எழுதுங்கள். இரண்டு விடைகள் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள்.